ஊசிமேல் பழி போடும் முன் தேதிகளைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 62. ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி மாவட்டம். 15 வருடமாகச் சர்க்கரை நோய். பத்து வருடமாக மெட்ஃபார்மின் 1000 மி.கி. காலையும் இரவும். பாதம் முன்பிருந்தே லேசான மதமதப்பு, பஞ்சின் மேல் நடப்பது மாதிரி. 2021 ஏப்ரல் 12 அன்று கோவிஷீல்டு முதல் ஊசி போட்டுக்கொண்டேன். மே மாத நடுவில் இரண்டு பாதமும் தீயாய் எரிய ஆரம்பித்தது. இரவில் போர்வை பட்டாலே தாங்கவில்லை. பிறகு இரண்டாவது ஊசியும் போட்டேன், அதனால் தனியாக எதுவும் ஆகவில்லை. எரிச்சல் இப்போது பாதிக்குக் குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. இரவு பிரிகாபலின் 75 மி.கி. ஒன்று, நரம்புக்குச் சத்து மாத்திரை இரண்டு விதம் சாப்பிடுகிறேன். இப்போது சர்க்கரை டாக்டர் ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி, அக்கி ஊசி மூன்றும் போடச் சொல்கிறார். வீட்டில் "ஒரு ஊசியில் பட்டது போதாதா?" என்கிறார்கள். ஊசியால் கை கால் விளங்காமல் போனதாக வாட்ஸ்அப்பில் வீடியோக்கள் வேறு. என் எரிச்சலுக்குக் கோவிட் ஊசிதான் காரணமா? இனிமேல் ஊசி போடலாமா? ரிப்போர்ட் நகல்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: நீங்கள் இணைத்த நகல்களில், கடிதத்தில் எழுதாத ஒரு விஷயம் இருக்கிறது. 2021 மார்ச் 20 அன்று உங்கள் எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் சோதனை) 12.3. அதே வாரம் இன்சுலின் தொடங்கியிருக்கிறார்கள். ஜூன் 28 அன்று 7.1. மூன்று மாதத்தில் ஐந்து புள்ளிக்கு மேல் இறங்கியிருக்கிறது. எரிச்சல் தொடங்கிய மே மாதம் இந்த இறக்கத்தின் நட்டநடுவில் வருகிறது.

நீண்ட நாள் உயரத்தில் இருந்த சர்க்கரையை வேகமாக இறக்கினால் மெல்லிய நரம்பு நுனிகள் அதைத் தாங்காமல் எரிய ஆரம்பிப்பது நரம்பியலில் நன்றாகத் தெரிந்த ஒன்று. 'இன்சுலின் நியூரைடிஸ்' என்று பழைய பெயர். ஆனால் இன்சுலினே விஷம் என்று அர்த்தமில்லை. மாத்திரையாலோ கடும் பட்டினியாலோ அதே வேகத்தில் இறக்கினாலும் இதே கதைதான். மூன்று மாதத்தில் இரண்டு புள்ளிக்கு மேல் இறங்கினாலே வாய்ப்பு தொடங்குகிறது. நான்கைத் தாண்டினால் மிக அதிகம். பொதுவாக, சர்க்கரை இறங்கத் தொடங்கிய எட்டு வாரத்துக்குள் எரிச்சல் வரும். ஒன்றிரண்டு வருடத்தில் மெல்ல மெல்லத் தணியும். உங்களுக்குப் பாதியாகக் குறைந்திருப்பது இந்தப் போக்கோடு ஒத்துப்போகிறது. மீதி நிற்பது பழைய சர்க்கரை நரம்புப் பாதிப்பாக இருக்கலாம். வேறு காரணமும் இருக்கலாம், அதற்குக் கீழே வருகிறேன்.

கோவிட் ஊசிக்கு இதில் துளியும் பங்கில்லை என்று சத்தியம் செய்ய முடியாது. ஊசிக்குப் பின் மெல்லிய நரம்பு எரிச்சல் வந்ததாக ஆங்காங்கே தனித்தனி நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் விஷயத்தில் அதைவிட வலுவான காரணம் அதே தேதிகளில் உட்கார்ந்திருக்கிறது. அதோடு இரண்டாவது ஊசிக்கு உடம்பு சும்மா இருந்திருக்கிறது. ஊசிதான் காரணம் என்றால் பெரும்பாலும் அப்போதும் எரிச்சல் ஏறியிருக்க வேண்டும்.

இனி அந்த வீடியோக்கள். கை கால் விளங்காமல் போவது என்று அவற்றில் பயமுறுத்துவது பெரும்பாலும் கில்லன் பாரே நோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் நரம்பின் உறையையே தாக்குவதால் வருவது. உங்களுக்கு இருக்கும் சர்க்கரை நரம்புப் பாதிப்போடு அதற்கு உறவு இல்லை. பாதம் மதமதப்பாக இருப்பவருக்கு அது சுலபமாக வந்துவிடும் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

ஊசிக்கும் அதற்கும் தொடர்பே கிடையாதா என்றால், உண்டு, மறைக்க வேண்டியதில்லை. 1976இல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சல் ஊசி போட்டபோது லட்சம் பேருக்கு ஏறத்தாழ ஒருவருக்குக் கூடுதலாக இந்த நோய் வந்தது. இன்றைய ஃப்ளூ ஊசியில் அந்த அளவு பத்து லட்சம் ஊசிக்கு ஒன்று, இரண்டு. எந்த ஊசியும் போடாத பத்து லட்சம் பேரை எடுத்து எந்த ஆறு வாரம் கவனித்தாலும் ஒன்றிரண்டு பேருக்கு அது தானாகவே வரும். அக்கி ஊசியில், 65 வயதைத் தாண்டியவர்களில் பத்து லட்சம் ஊசிக்கு மூன்று அளவில் கூடுதல் என்று 2021இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை சேர்த்தது. கோவிஷீல்டு வகை ஊசியைப் பற்றி இங்கிலாந்தில் கணக்கெடுத்தபோது முதல் ஊசிக்குப் பின் ஒரு கோடிப் பேருக்கு 38 பேர் கூடுதலாக வந்தார்கள். அதே ஆய்வில் கொரோனா வந்தவர்களில் ஒரு கோடிக்கு 145. ஊசியால் வருவதைவிட நோயால் வருவது அதிகம் என்பது ஃப்ளூவுக்கும் பொருந்தும். 2025 ஜனவரியில் புனேவில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இந்த நோயால் பாதிக்கப்பட்டபோது சந்தேகம் போனது அசுத்தமான தண்ணீர்மேல். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கேம்பைலோபாக்டர் கிருமிதான் உலகெங்கும் இதற்கு முதல் தூண்டுகோல்.

2024இல், கோவிஷீல்டை உருவாக்கிய நிறுவனம் ஓர் அரிய பக்கவிளைவை ஒப்புக்கொண்டதாக வந்த லண்டன் நீதிமன்றச் செய்திக்குப் பின் பரவிய பயம் வேறு வகை. அது பிளேட்லெட் குறைந்து ரத்தம் கட்டும் அரிய விளைவு. முதல் ஊசி போட்ட சில வாரத்துக்குள் வந்தால்தான் உண்டு. வருடங்கள் கழித்துக் கால் எரிவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஊசி வேண்டாம் என்று சொல்ல வேண்டிய ஆட்களும் இருக்கிறார்கள். ஒரு ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் கில்லன் பாரே வந்தவர் அதே ஊசியை மறுபடி போடும் முன் நரம்பியல் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். ஊசிக்குப் பின் மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடிப்பு என்று கடும் ஒவ்வாமை வந்தவர் அதே ஊசியை மறுபடி போடக் கூடாது. மெல்ல மெல்லக் கால் பலம் குறைந்துகொண்டே போகும், நாள்பட்ட நரம்பு உறை அழற்சி இருப்பவர்கள், ஸ்டீராய்டோ ரிட்டுக்ஸிமாப் போன்ற, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தோ எடுப்பவர்கள், சின்னம்மை, தட்டம்மை போன்ற உயிருள்ள கிருமி ஊசிகளைத் தவிர்க்க வேண்டும். மற்ற ஊசிகளைச் சிகிச்சைத் தேதியோடு ஒட்டிப் பார்த்துப் போட வேண்டும். நீங்கள் இந்த வரிசை எதிலும் இல்லை. உங்கள் மருத்துவர் சொன்ன மூன்றிலும் உயிருள்ள கிருமி இல்லை (ஃப்ளூவுக்கு மூக்கில் தெளிக்கும் வகையைத் தவிர்த்து, ஊசியாகவே கேளுங்கள்).

மூன்றில் எனக்கு அதிகம் பிடித்தது அக்கி ஊசி. காரணம் நரம்புதான். அக்கி என்பது சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமி நரம்பு முடிச்சில் பதுங்கியிருந்து கிளம்புவது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும். கொப்புளம் ஆறிய பிறகும் பத்தில் ஒருவருக்காவது அந்த இடத்தில் மாதக்கணக்கில் எரியும். ஏற்கெனவே பாதம் எரிகிறவருக்கு மார்பிலோ நெற்றியிலோ இன்னொரு எரிச்சல் கூடாது. இரண்டு டோஸ், இரண்டு முதல் ஆறு மாத இடைவெளி. ஊசி போட்ட ஓரிரு நாள் கை வலி, காய்ச்சல், அசதி என்று மற்ற ஊசிகளைவிடக் கொஞ்சம் படுத்தும். விலையும் கைக்குக் கனம்தான், ஒரு டோஸ் பத்தாயிரம் ரூபாய் அளவில். முடியாவிட்டால் மனம் வருந்த வேண்டாம். அக்கி வந்தால் அக்கி எழுதுவதோடு நின்றுவிடாமல் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போய் வலாசைக்ளோவிர் போன்ற மாத்திரையைத் தொடங்கிவிடுங்கள். கண்ணைச் சுற்றி வந்தால் அன்றே.

ஃப்ளூ ஊசி வருடம் ஒன்று, மழைக்காலம் தொடங்குமுன். நிமோனியா ஊசியில் 20 வகைக் கிருமிக்கானது கிடைத்தால் ஒன்றோடு முடிந்தது. 13 அல்லது 15 வகை என்றால் ஒரு வருடம் கழித்து 23 வகை ஊசி போட வேண்டியிருக்கும். இதற்கும் கில்லன் பாரேவுக்கும் தொடர்பு காட்டிய ஆதாரம் இல்லை. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு நான்காவதாக ஒன்று சேர்ப்பேன்: டெட்டனஸ் ஊசி, இப்போது டிடி என்று தருகிறார்கள், பத்து வருடத்துக்கு ஒரு முறை. முள் ஏறியதே தெரியாத பாதம் உங்களுடையது.

மூன்றையும் ஒரே நாளில் போட மருத்துவத் தடை கிடையாது. ஆனாலும் உங்களைப் போல ஒரு முறை குழம்பியவர்களுக்கு நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் போடச் சொல்வேன். ஏதாவது நடந்தால் எதனால் என்று பிரித்துப் பார்க்க அது ஒன்றே வழி. அதே காரணத்துக்காக, ஊசிக்கு முந்தைய இரண்டு வாரமும் பிந்தைய இரண்டு வாரமும் சர்க்கரை மருந்து, நரம்பு மருந்து எதையும் புதிதாகத் தொடங்கவோ அளவு மாற்றவோ வேண்டாம், அவசரம் இருந்தால் தவிர.

ஊசிக்கு முந்தைய வாரம் ஒரு நோட்டில் இன்றைய நிலையை எழுதுங்கள். மதமதப்பு எங்கே முடிகிறது? கட்டை விரலால் தடவிக்கொண்டே மேலே போய், தொடுவது தெளிவாகத் தெரியும் இடத்தில் பேனாவால் கோடு போட்டு, கணுக்கால் எலும்பிலிருந்து எத்தனை செ.மீ. என்று அளந்து எழுதுங்கள். எரிச்சல் பத்துக்கு எத்தனை? கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா? சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலில் பத்தடி, முன்பாதத்தில் பத்தடி நடக்க முடிகிறதா? மாடிப்படி ஏறும்போது எத்தனாவது படியில் கால் கனக்கிறது? அடுத்த ஆறு வாரம் வாரம் ஒரு முறை இதையே திரும்பப் பாருங்கள். இந்த நோட்டு இல்லாவிட்டால் ஒவ்வொரு குத்தலும் ஊசியின் வேலையாகத்தான் தெரியும்.

ஊசி போடும் அன்று காய்ச்சல் இருந்தால் தள்ளிப் போடுங்கள். அதிகம் பயன்படுத்தாத கையில், தோள் எலும்பு முனைக்கு இரண்டு மூன்று விரல் கீழே, தசையில் போட வேண்டும். மேலே ஏற்றிப் போட்டால் தோள் மூட்டிலேயே மருந்து இறங்கி மாதக்கணக்கில் கை தூக்க முடியாமல் போவது உண்டு. அது மருந்தின் குற்றம் இல்லை, இடத்தின் குற்றம். ஆகவே சட்டைக் கையை மேலே சுருட்டுவதைவிடத் தோள் முழுக்கத் தெரியும்படி சட்டையைக் கழற்றி உட்காருங்கள். ரத்தம் கட்டாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் எடுப்பவர்கள் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்கலாம், தேய்க்கக் கூடாது. போட்டபின் 15 நிமிடம் அங்கேயே இருங்கள்.

அடுத்த இரண்டு மூன்று நாள் கால் எரிச்சல் கொஞ்சம் ஏறினால் பயப்பட வேண்டாம். காய்ச்சலில் பழுதான நரம்பு கூடுதலாகச் சத்தம் போடும். சர்க்கரையும் ஏறும், மூன்று நாள் காலையும் இரவும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் 500 அல்லது 650 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, தேவைப்பட்டால் மட்டும். ஊசிக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டாம். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை சிறுநீரகத்துக்கு ஆகாது, நரம்பு எரிச்சலுக்கும் கேட்காது.

பயப்பட வேண்டியது வேறு விதமாக வரும். எரிச்சல் கூடுவது பெரிதல்ல, பலம் குறைவதுதான் அடையாளம். நேற்று ஏறிய படி இன்று ஏற முடியவில்லை, மறுநாள் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை, இரண்டு காலும் ஒன்றுபோலக் கனக்கிறது, பிறகு கை, முகம் கோணுவது, விழுங்கும்போது புரை ஏறுவது, மூச்சு வாங்குவது. இப்படி நாளுக்கு நாள் மேலேறினால் ஊசி போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் 108க்கு அழைத்து, தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அங்கே தரும் சிகிச்சை: இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்புச் சக்திப் புரதம்) ஐந்து நாள், அல்லது பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) மாற்றுதல். பலவீனம் தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் கொடுத்தால் நல்ல பலன். பிசியோதெரபி பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டிலேயே நாள் கடத்துவதுதான் கெடுதல். இன்னொன்று: ஊசி போட்ட சில நாள் அல்லது வாரம் கழித்துத் தோளில் தாங்க முடியாத வலி, வலி குறையும்போது கை தூக்க வராமல் பலவீனம் என்றால் அதையும் காட்டுங்கள். அரிது, ஆனாலும் உண்டு.

மீதி எரிச்சலுக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய மாத்திரை அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'பைரிடாக்ஸின் ஹைட்ரோகுளோரைடு 100 மி.கி.' என்று இருக்கிறது, அதை இரண்டு வேளை சாப்பிடுகிறீர்கள். பைரிடாக்ஸின் என்றால் பி6. இந்த அளவில் வருடக்கணக்கில் எடுத்தால் அந்த பி6 சத்தே நரம்பைக் கெடுத்து மதமதப்பு, எரிச்சல் கொடுக்கும். நரம்பைக் காப்பாற்றும் மாத்திரை என்று எத்தனையோ பேர் கடையில் தானாக வாங்கித் தொடர்வது இதைத்தான். உங்கள் மருத்துவரிடம் அட்டையைக் காட்டி நிறுத்துங்கள். நிறுத்தியபின் சில வாரம் எரிச்சல் சற்றுக் கூடினாலும் மறுபடி தொடங்க வேண்டாம், பிறகு குறையும்.

உங்களுக்குத் தேவைப்படக்கூடிய சத்து பி12. பத்து வருட மெட்ஃபார்மின் அதைக் குடலில் உறிஞ்ச விடாமல் செய்யும். சைவச் சாப்பாடு என்றால் இன்னும் மோசம். 200 பிகோகிராமுக்குக் கீழே தெளிவான குறைவு, 200 முதல் 300 வரை சந்தேகம். ஆனால் இப்போது மாத்திரை எடுப்பதால் ரத்த அளவு நன்றாக இருப்பதுபோலக் காட்டலாம். ஹோமோசிஸ்டீனையும் (பி12 குறைந்தால் ரத்தத்தில் ஏறும் பொருள்) சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். குறைவு என்றால் பி12 மட்டும் உள்ள மாத்திரை அல்லது ஊசி. மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தக் கூடாது. கூடவே டிஎஸ்எச் (தைராய்டு), கிரியாட்டினின் (சிறுநீரகம்), புரத எலக்ட்ரோஃபோரெசிஸ் (ரத்தப் புரதக் கோளாறு) ஒரு முறை பார்த்துவிடுங்கள். தோலில் உணர்ச்சியில்லாத வெளிறிய படை ஏதும் இருந்தால் தொழுநோயையும் நினைக்க வேண்டும். நரம்பு மின்னோட்டச் சோதனை 'நார்மல்' என்று வந்தால் எரிச்சல் பொய் என்று ஆகாது. மெல்லிய நரம்புகளை அந்தச் சோதனை பார்ப்பதே இல்லை.

பிரிகாபலின் 75 ஒரு வேளை என்பது ஆரம்ப அளவு. சிறுநீரகம் நன்றாக இருந்தால் காலையும் ஒன்று, பிறகு 150 இரண்டு வேளை வரை ஏற்றலாம். ஒவ்வொரு படிக்கும் இரண்டு வாரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். தூக்கம், தலைசுற்றல், எடை கூடுவது, கால் வீக்கம் வரும். ஏற்றும் நாட்களில் வண்டி ஓட்ட வேண்டாம். நிறுத்துவதானால் ஒரேயடியாக நிறுத்தாமல் படிப்படியாக. போதவில்லை என்றால் காலையில் சாப்பாட்டுக்குப் பின் டுலாக்ஸெடின் 30 மி.கி., இரண்டு வாரத்தில் 60 என்று சேர்ப்பார்கள். அமிட்ரிப்டிலின் மலிவு, பலனும் உண்டு. ஆனால் உங்கள் வயதில் சிறுநீர் அடைப்பு, கண் அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு இருந்தால் ஒத்துவராது. எந்த மருந்தும் எரிச்சலைப் பூஜ்யம் ஆக்காது. பத்தில் எட்டாக இருந்தது நான்காக இறங்கித் தூக்கம் வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள்.

இரவில் போர்வை உரசுகிறது என்றால் கால்மாட்டில் ஒரு அட்டைப்பெட்டியைப் பக்கம் வெட்டி வைத்து அதன்மேல் போர்வையைப் போடுங்கள். ஐஸ் தண்ணீரில் காலை ஊறவைப்பது, வெந்நீர் ஒத்தடம் இரண்டும் கூடவே கூடாது. சுடுவது தெரியாமலே கொப்புளம் வரும். வெளிர் நிறப் பருத்திச் சாக்ஸ் போட்டால் காயத்தின் ரத்தக் கறை உடனே தெரியும். எம்.சி.ஆர். செருப்பு (மெத்தென்ற ரப்பர் அடி உள்ளது) வீட்டுக்குள்ளும் போட வேண்டும், புதுச் செருப்பை மாலையில் வாங்க வேண்டும், கோயில் பிராகாரத்தில் மதிய வெயிலில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. தினமும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

மாதம் ஒரு முறை வீட்டில் யாரையாவது வைத்து இந்தச் சோதனை செய்யலாம். கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள். அவர் ஆள்காட்டி விரல் நுனியால், அழுத்தாமல், ஒரு விநாடி தொட வேண்டும்: வலது கட்டைவிரல், வலது சுண்டுவிரல், இடது கட்டைவிரல், இடது சுண்டுவிரல், பிறகு வலது நடுவிரல், இடது நடுவிரல். தொட்டதும் "வலது", "இடது" என்று சொல்லுங்கள். ஆறில் இரண்டு தவறினாலே புண் வரும் ஆபத்துள்ள பாதம் என்று கணக்கு. முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாடுகிறதா என்றும் கவனியுங்கள். தள்ளாடினால் குளியலறையில் கைப்பிடியும் இரவில் ஒரு சின்ன விளக்கும் அவசியம்.

சர்க்கரை வேகமாக இறங்கியவர்களுக்குக் கண்ணின் விழித்திரையும் அதே காலத்தில் கெடுவது உண்டு. நகல்களில் கண் பரிசோதனை ஒன்றும் காணவில்லை, இந்த மாதமே கண் பாப்பா விரிய மருந்து விட்டுப் பார்த்துவிடுங்கள். படுத்தபடி ரத்த அழுத்தம் பார்த்து, எழுந்து நின்ற ஒன்றாவது, மூன்றாவது நிமிடத்தில் மறுபடி பார்க்கவும் சொல்லுங்கள். மேல் அளவு 20க்கு மேல் இறங்கினால் பிரிகாபலின் ஏற்றும் முன் மருத்துவர் அதைக் கவனிக்க வேண்டும்.

2021இல் வந்ததையும் பதிவு செய்ய விரும்பினால் இந்திய மருந்துப் பக்கவிளைவுக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண் 1800-180-3024. ஊசி போட்ட தேதி, சான்றிதழில் இருந்தால் தொகுதி எண், எரிச்சல் தொடங்கிய தேதி, இன்சுலின் தொடங்கிய தேதி நான்கையும் சொல்லுங்கள். கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டால் பதிவு அரைகுறையாகிவிடும்.